‘நாலாம் குறுக்கு’ அட்டைப்படம் கீறிய கதை

அட்டையில் ஏன் முகமே இல்லை என்று, புத்தகம் வாங்கியவர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். குனிந்த ஒரு முதுகு, அதன்மேல் ஒரு சீனி மூட்டை, பின்னால் விடியற்காலை நீலம். அவ்வளவுதான். அந்த முதுகுக்கு வந்து சேர எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

‘நாலாம் குறுக்கு’ 48 பக்கக் காமிக்ஸ். கொழும்பு, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமியும் அவருடைய மகளும்தான் கதை. எழுதியது வெள்ளவத்தையில் இருக்கும் என் தோழி, கீறியது நான். பதிப்பகம் என்று யாரும் இல்லை, எங்கள் இருவரின் சேமிப்புத்தான். 2022 இல் தொடங்கினோம். அந்த மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. காமிக்ஸ் அடிக்கக் கடதாசி கேட்டு யாரிடம் போவது? பக்கங்களைக் கீறி முடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நிலைமை சீராகும்வரை இருந்தோம்.

அட்டைதான் கடைசியாகச் செய்த வேலை. முதலில் கீறியதில் அவர் மூட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். கீழிருந்து பார்க்கும் கோணம், நிமிர்ந்த நெஞ்சு. பின்னால் சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோடுப் பள்ளிவாசல், இன்னும் பின்னால் தாமரைக் கோபுரம். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடித்தது. ஆனால் இந்த வேலை செய்பவர் ஒருவர் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை ஐந்தரை மணிக்கே போனேன்.

அந்த நேரத்துக்கு அங்கே போனவர்களுக்குத் தெரியும். செத்தல் மிளகாய் நெடியில் முதல் ஐந்து நிமிடம் தும்மலோடு போகும். லொறி பின்பக்கமாக வந்து நிற்க முன்னமே பலகை விழுந்துவிடும். கதைக்காகப் பேசிப் பழகிய ஐயா ஒருவர் இருக்கிறார். ஊர் ஹட்டன் பக்கம், முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தெருவில்தான். தேத்தண்ணிக் கடை பெஞ்சில் படத்தை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா இப்படித் தூக்குனா அன்னைக்கே இடுப்பு போயிரும்.”

எழும்பிப் போய்ச் செய்தே காட்டினார். லொறித் தட்டில் இருந்து இரண்டு பேர் மூட்டையைச் சரித்துவிட, அவர் முதுகைக் கொடுத்து வாங்கினார். கழுத்தடியில் நான்காக மடித்த சாக்குத் துண்டு. ஐம்பது கிலோ அந்த எலும்பில் வந்து உட்காரும்போது முழங்கால் ஒருதரம் மடங்கி எழுகிறது. அதன் பிறகு நடை இல்லை, சின்னச் சின்ன ஓட்டம். ஒரு கை மூட்டையின் காதைப் பிடித்திருக்கிறது, மற்றக் கை காற்றில்.

“கை தூக்குறதுக்கு இல்ல, சாயாம புடிக்கிறதுக்கு.”

சுமை ஏறியதும் முகம் நிலத்தைப் பார்க்கத் திரும்பிவிடுகிறது. எதிரே வருபவருக்கு உச்சந்தலையும் மூட்டையும்தான் தெரியும். அட்டையில் முகம் போனது அப்படித்தான், அது நான் யோசித்துச் செய்த உத்தி அல்ல. நிமிர்ந்த நெஞ்சோடு கீறியது அவருக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர் செய்யும் வேலையைச் சரியாகக் கீறுவதுதான் மரியாதை. பள்ளிவாசலையும் எடுத்துவிட்டேன். அது இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது, இவர் நிற்கும் இடத்தில் கண்ணுக்குப் படுவது லொறித் தட்டும் பலகையும்தான். கோபுரமும் போனது.

தலைப்புக்குக் கம்ப்யூட்டர் எழுத்து எதுவும் பொருந்தவில்லை. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் தூரிகையால் எழுதிய பெயர்ப்பலகைகள் இன்னும் சில ஒழுங்கைகளில் மங்கிப்போய்த் தொங்குகின்றன. மேலே சிங்களம், கீழே தமிழ், அதற்கும் கீழே ஆங்கிலம். அந்தத் தடித்த தூரிகை வளைவைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதினேன். ‘குறுக்கு’ என்ற சொல்லில் உகரம் மூன்று தரம் வருகிறது. ககரத்தில் ஒரு மாதிரிச் சுற்றும், றகரத்தில் வேறு மாதிரி. மூன்றையும் ஒரே கோட்டில் இறக்கி நிறுத்தவே இரண்டு நாள் போனது. சொல்லே மூட்டை சுமந்து குனிந்த மாதிரி வந்தபோது நிறுத்தினேன்.

அச்சகம் கொட்டாஞ்சேனையில். 500 பிரதிக்கு ஓப்செட், அதாவது பிளேட் செய்து அடிக்கும் முறை. அதைவிடக் குறைத்தாலும் பிளேட் செலவு அதே செலவுதான். முதல் சாம்பிள் தாளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. என் விடியற்காலை நீலம் கத்தரிப்பூ நிறமாகிக் கிடந்தது. ஸ்கிரீன் தானே ஒளிர்கிறது, கடதாசியில் நான்கு மைதான்: சியான் என்ற இளநீலம், மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. சியானுக்குக் கிட்டக்கிட்ட மெஜந்தாவும் இருந்தால் நீலம் ஊதாவாகிவிடும். நான் சியான் 100 வீதம், மெஜந்தா 90 வீதம் வைத்திருந்தேன். மெஜந்தாவை 60க்கு இறக்கியதும் விடியல் திரும்பி வந்தது.

நிழலுக்கு இன்னும் ஆழமான கறுப்பு வேண்டும் என்று நான்கு மையையும் நூறு நூறாகப் போட்டிருந்தேன். மெஷினில் நிற்கும் அண்ணன்தான் பிடித்தார். “நாலும் சேர்ந்தா நானூறு, தங்கச்சி. முந்நூறைத் தாண்டினா மை காயாது. மேல விழுற தாளின்ட முதுகில ஒட்டிக்கொண்டு போயிரும்.” கறுப்பை 100 இல் விட்டு மற்ற மூன்றையும் குறைத்தோம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. காமிக்ஸ் செய்யப் போகிறவர்கள் கோப்பு அனுப்ப முன்னம் மெஷின்காரரோடு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். எங்கள் புத்தகத்தைக் காப்பாற்றியது அவர்தான்.

பின்னட்டைக் கதைச்சுருக்கம் வேறு விதமாகச் சொதப்பியது. தோழி அதைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்தாள். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் போக, எட்டு வரியும் ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றது. யூனிகோடுக்கு மாற்றினால் அவர்களின் மென்பொருளில் ஒகரத்தின் கொம்பும் காலும் இடம் மாறின. தெற்காசிய எழுத்துக்கான அமைப்பு அதில் போடப்பட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, எழுத்து முழுவதையும் எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவப் படமாக்கி அனுப்பினேன்.

அட்டை முன்னும் பின்னும் ஒரே படம். முதுகு முன்பக்கம், மகள் உட்கார்ந்திருக்கும் தள்ளுவண்டில் பின்பக்கம். முதலில் வண்டில் மடிப்புக்குக் கிட்ட நின்றதால் ஸ்டேப்பிள் கம்பி நேரே பிள்ளையின் கன்னத்தில் இறங்கியது. மகளை மூன்று சென்றிமீற்றர் தள்ளி உட்கார வைத்தேன். இருட்டு நிறம் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியாதிருக்க, மெட் லெமினேஷன் போட்டு, கோடு அழுத்திய பிறகு மடித்தார்கள். ஐஎஸ்பிஎன் இலக்கம் சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலகத்தில் எடுத்தோம். பார்கோடுக்கு வெள்ளைக் கட்டம் வேண்டுமே, அதை வண்டிலில் கிடக்கும் சாக்கில் ஒட்டிய லேபிளாகக் கீறிவிட்டேன். அட்டையில் எனக்கு மிகப் பிடித்த மூலை அதுதான்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை ஐயாவிடம் கொண்டுபோனேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். முன்னட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். வண்டில் கயிற்றில் விரலை வைத்தார்.

“இந்த முடிச்சு மட்டும் நம்ம முடிச்சு இல்ல. இது இழுத்தா அவுந்துரும்.”

பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்து மெதுவாக இரண்டு தரம் கட்டிக் காட்டினார். அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். இரண்டாம் அச்சுக்கான கோப்பில் கயிறு இப்போது அவர் கட்டிய மாதிரி இருக்கிறது.