மச்சிலிருந்து எட்டிப் பார்க்கும் மூக்கு

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டிப் பாறசாலை வரை ஓட்டுக்கூரை வேலைக்குப் போகிறவர்களிடம் கூரைக்குள் என்ன பயம் என்று கேட்டால் தேளையும் குளவியையும் சொல்வார்கள். மரப்பட்டி என்கிற மரநாயின் குட்டி என்றால் சிரிப்பார்கள். பத்து ஓடு எடுத்திருப்பார்கள். கைமரத்துக்கும் தட்டுப்பலகைக்கும் நடுவேயுள்ள இருட்டிலிருந்து நீளமாக ஒரு மூக்கு வரும். ஈர மூக்கு. காற்றை இழுத்து இழுத்துப் பார்க்கும். அதன் பின்னால் கறுத்த முகம், நெற்றியில் வெளுப்பு, இரண்டு உருண்டைக் கண். ஓடாது. சுத்தியல் பிடியை மோந்து பார்க்கும். கூடப்பிறந்தது அதன் முதுகில் ஏறி நின்று தானும் எட்டிப் பார்க்கும்.

அந்த நேரத்தில் ஆள் செய்கிற முதல் காரியத்தில்தான் குட்டியின் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் தப்பாகத்தான் செய்கிறார்கள், அதுவும் இரக்கப்பட்டு.

புத்தகத் தமிழில் மரநாய். தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் வாயில் வருவது மரப்பட்டி. மலையாளத்தில் பட்டி என்றாலும் நாய்தான். ஆனால் இது நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப்பூனையின் வகையறா. வளர்ந்தது 2 முதல் 5 கிலோ வரை இருக்கும், வால் ஏறக்குறைய உடம்பு நீளம். புனுகுப்பூனைக்கு வாலில் வளையம் வளையமாக இருக்கும், அது தரையில் திரிவது. மரப்பட்டி வாலில் வளையம் கிடையாது. மரம், கூரை, மதில் இவைதான் அதற்குப் பாதை.

ஏழை வீட்டுக் கூரை, பணக்காரர் வீட்டுக் கூரை என்று அது பார்ப்பதில்லை. திருவனந்தபுரத்தில் அமைச்சர்கள் இருக்கும் பழைய மாளிகைகளில் தேய்த்து வைத்த சட்டையைக்கூட மரப்பட்டியிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை என்று 2024-இல் முதலமைச்சர் பினராயி விஜயனே மேடையில் சொன்னார். உண்மையில் இடத்தைப் பிடுங்கியது யார் என்று பார்த்தால் பதில் வேறு மாதிரி வரும். அது குட்டி போட மரப்பொந்து வேண்டும். கிழட்டுப் பலாவும் புளியும் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் வரிசையாக ரப்பர் நிற்கிறது. பால் வற்றியதும் அறுத்துத் தள்ளிவிடும் ரப்பர் மரத்தில் பொந்து எங்கே விழும்? இருட்டும் சூடும் உள்ள மச்சுதான் மிச்சம்.

வேலையைத் தொடங்குமுன் உள்ளே குடியிருப்பு உண்டா என்று தெரிந்துகொள்வது கடினம் இல்லை. எலி என்றால் பிராண்டல் சத்தம் விட்டுவிட்டு எந்நேரமும் கேட்கும். மரப்பட்டி என்றால் இருட்டியதும் ஆள் நடக்கிறது போல நாலு தொப் தொப், பிறகு விடிவதற்கு முன் ஒரு தடவை. தட்டுப்பலகையில் பழுப்பாக மூத்திரக் கறை, ஒட்டுப்பலகை என்றால் அந்த இடத்தில் தொய்வு. எச்சத்தை எப்போதும் ஒரே மூலையிலோ மதில் மேல் ஒரே இடத்திலோ போடும். அதைக் குச்சியால் கிளறினால் கூந்தப்பனை, கொய்யா, காப்பி, பப்பாளி விதைகள் கழுவி எடுத்தது போல முழுசாக இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஓடு விலகிய இடத்தில் அடுப்புச் சாம்பலை விரித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம். பூனைத் தடத்தில் நாலு விரல். மரப்பட்டித் தடத்தில் ஐந்து.

குட்டி போட இதற்குப் பருவம் கிடையாது, எந்த மாதமும் இருக்கலாம். ஒரு ஈற்றில் 2 முதல் 5 வரை. கண் திறக்கச் சுமார் 11 நாள். ஏறக்குறைய இரண்டு மாதம் வரை பால் குடிக்கும். எட்டிப் பார்க்கிற குட்டி பெரும்பாலும் கால் ஊன்றி நடக்கத் தொடங்கி, இன்னும் பயம் படியாத குட்டி. மனிதனை அது பழகியதால் வருவதில்லை, அறியாததால் வருகிறது. தாய் இரை தேடப் போயிருக்கும், அல்லது ஓடு எடுக்கும் சத்தத்தில் பாய்ந்து போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஒரு பெட்டியில் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசும்பால் ஊற்றுவதுதான் அந்த இரக்கமான தப்பு. பசும்பால் வயிற்றைக் கெடுத்துக் கழிச்சலில் கொன்றுவிடும். சொட்டு மருந்துக் குழாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தவேண்டும். எடுத்த ஓடுகளைத் திரும்ப அடுக்கி, தாய் வந்துபோகும் வாயில் மட்டும் ஓர் ஓட்டின் அகலம் திறந்திருக்கவேண்டும். குட்டி கீழே விழுந்திருந்தால் கையுறையோடு எடுத்து, பருத்திச் சாக்கு விரித்த அட்டைப்பெட்டியில் வைக்கலாம். துவாலை வேண்டாம், அதன் நூல் சுருளில் நகம் மாட்டி விரல் வீங்கும். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தால், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும். இருட்டுவதற்கு முன் பெட்டியைக் கூரை வாய்க்குப் பக்கத்தில், நாய் எட்டாத உயரத்தில், மூடாமல் வைத்து விளக்கை அணைக்கவேண்டும். ஆள் நிற்கக்கூடாது, கைப்பேசி வெளிச்சத்தோடு படம் எடுக்கக் காத்திருப்பவரும் ஆள்தான். தாய் ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வி வேறு இடத்துக்கு எடுத்துப்போகும். விடிந்தும் குட்டி அங்கேயே இருந்தால் அப்போது வனத்துறை. எந்த மாநில வனத்துறை என்பது கூரை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கூண்டு வைத்துப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இணையத்தில் தேடுகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கூரையில் காட்டுவிலங்குக் குட்டி என்று தேடினால் ஒபோசம் என்ற அமெரிக்க விலங்கு பற்றிய ஆலோசனைதான் வரிசையாக வரும். வால் நீங்கலாக 7 அங்குலம் இருந்தால் குட்டி தனியே பிழைக்கும், விட்டுவிடு என்பார்கள். அது ஒபோசத்துக்குச் சரி. பையில் குட்டி சுமக்கிற அந்தத் தாய், முதுகிலிருந்து விழுந்ததைத் தேடித் திரும்புவதும் இல்லை. மரப்பட்டிக்குப் பை இல்லை, மறைவிடத்தில் விட்டுப்போகும், திரும்பி வரும். அதே நீளக் குட்டி இங்கே இன்னும் பால்குடியாக இருக்கலாம். ஒபோசத்துக்கு வெறிநோய் அரிது என்பதும் இங்கே செல்லாது.

அதனால் கடித்தாலும் பிராண்டினாலும், குட்டிதானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு வேலையைத் தொடரக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, கட்டுப் போடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். தடுப்பூசி தோலுக்குள் 0, 3, 7, 28-ஆம் நாள்களில். காட்டுவிலங்குக் கடி என்று சொன்னால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தருவார்கள். நாலாவது ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அன்றைக்குச் சம்பள வேலை இருக்கும்.

அடைப்பது கடைசி வேலை. குட்டி உள்ளே இருக்கும்போது அடைத்தால் தாய் இரவெல்லாம் ஓடுகளைப் புரட்டும், குட்டி செத்து நாறும், பிறகு பாதிக் கூரையைப் பிரிக்கவேண்டி வரும். பாச்சா உருண்டையும் மிளகாய்ப் புகையும் நடக்க முடியாத குட்டியை மூச்சு முட்ட வைப்பதற்குத்தான் உதவும். அது வந்துபோகும் கூரை வாயில் செய்தித்தாளைச் சுருட்டி லேசாகச் செருகிவைத்து, மூன்று இரவு அது அப்படியே இருந்தால் காலி என்று கொள்ளலாம். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல், முகக்கவசத்தோடு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு அள்ளவேண்டும். பிறகு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷைக் கைமரத்தோடு ஆணி அடித்து நிறுத்தவேண்டும். கோழிவலை வளைந்து கொடுக்கும், போதாது. கூரையைத் தொடும் கிளைகளை ஆறடிக்குக் குறையாமல் கழிக்கவேண்டும். தென்னையில் தகரம் சுற்றுவதும் நல்லதுதான். ஆனால் பக்கத்து மரத்து மட்டை உரசிக்கொண்டிருந்தால் தகரம் தண்டம்.

வாழைக்குலை வைக்கும் கடைக்கூரை என்றால் இன்னும் ஒன்று. மட்டியும் செவ்வாழையும் பழுக்கப் பழுக்க அந்த வாசனை ஓட்டிடுக்கு வழியே வெளியே போகும். குலையை மச்சுக்கு நேர் கீழே கட்டித் தொங்கவிடுகிற வரை, வலை அடித்த மூலையை விட்டுவிட்டு அடுத்த மூலையில் ஓடு விலகும்.