எக்ஸ்பஞ்ஜ்: அவைக்குறிப்பிலிருந்து நீக்குதல்

'உறுப்பினரின் பேச்சு அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது' என்று தமிழ் நாளேடுகள் எழுதும் இடத்தில் ஆங்கில நாளேடுகள் வழக்கமாகக் கையாளும் வினைச்சொல் 'எக்ஸ்பஞ்ஜ்'. 'நீக்கு', 'அழித்துவிடு' என்று அகராதி தரும் பொருளை மட்டும் நம்பி, கரும்பலகையைத் துடைப்பதற்கும் கைப்பேசியில் ஒரு படத்தை நீக்குவதற்கும் இச்சொல்லைப் போட்டால் வாக்கியம் வேடிக்கையாகிவிடும். அவற்றுக்கு 'இரேஸ்', 'டிலீட்' போதும். எக்ஸ்பஞ்ஜ் செய்வதற்குப் பெரும்பாலும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும், அதில் கைவைக்க அதிகாரம் பெற்றவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

'குத்துதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் இது. நம் சைக்கிள் கடைகளில் புழங்கும் பஞ்சரும் அதே வேரினதுதான். இடைக்கால ஐரோப்பாவில் தோலில் நூல்களைப் படியெடுத்தவர்கள், பிழையாக எழுதிய சொல்லைச் சுரண்டாமல், அதன் எழுத்துகளின் அடியில் புள்ளிகளை வைத்துவிடுவதும் உண்டு. அந்தச் சொல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கணக்கில் இல்லை. இன்றைய சட்ட வழக்கிலும் இத்தன்மை பெரிதும் நீடிக்கிறது என்பது என் எண்ணம்.

இதற்கு அமெரிக்க செனட்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அரசின் பணத்தை 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற வங்கியிலிருந்து வெளியேற்றிய விவகாரத்தில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்து 1834 மார்ச் 28 அன்று செனட் தீர்மானம் இயற்றியது. அதைச் செனட்டின் குறிப்பேட்டிலிருந்தே நீக்கவேண்டும் என்று செனட் உறுப்பினர் தாமஸ் ஹார்ட் பென்டன் விடாமல் போராடி, 1837 ஜனவரி 16 அன்று 24-க்கு 19 என்ற வாக்குகளில் வென்றார். குறிப்பேட்டைப் பேணிவர வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லும்போது அதை எப்படித் திருத்தலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். முடிவில் செயலாளர் 1834-ஆம் ஆண்டின் கையெழுத்துக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, கண்டனத் தீர்மானத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடுகளை இழுத்து, 'செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது' என்று தேதியோடு எழுதினார். பக்கம் கிழிக்கப்படவில்லை, தீர்மானத்தை இன்றும் படிக்கலாம்.

நம் மக்களவையில் இந்த அதிகாரம் விதி 380-இலிருந்து வருகிறது. அவதூறான, அநாகரிகமான, நாடாளுமன்ற மரபுக்கு ஒவ்வாத, கண்ணியமற்ற சொற்களை அவை நடவடிக்கைகளிலிருந்து நீக்கச் சபாநாயகர் ஆணையிடலாம். நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகளை இட்டு, 'அவைத்தலைவரின் ஆணைப்படி நீக்கப்பட்டது' என்ற அடிக்குறிப்பையும் சேர்க்கவேண்டும் என்கிறது அடுத்த விதி. நேரலையில் நாடே கேட்டுவிட்ட பேச்சுக்கு நட்சத்திரம் வைத்து என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பயன் சட்டத்தில் இருக்கிறது: 1957-இல் பீகார் சட்டமன்றப் பேச்சு ஒன்றை, நீக்க ஆணையிடப்பட்ட பகுதிகளோடு பாட்னாவின் 'சர்ச்லைட்' நாளிதழ் வெளியிட்டு உரிமைமீறல் நடவடிக்கைக்கு உள்ளானபோது, உச்ச நீதிமன்றம் 1958-இல் அவையின் பக்கமே நின்றது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார்.

நீதிமன்றங்களிலும் இச்சொல் மிகுதியாகப் புழங்குகிறது. கீழ் நீதிமன்றம் தன் தீர்ப்பில் ஒருவரைப் பற்றித் தேவையின்றிக் கடுமையாக எழுதிவிட்டால், அவ்வரிகளை எக்ஸ்பஞ்ஜ் செய்யக் கோரி மேல் நீதிமன்றம் செல்லலாம். உத்தரப் பிரதேசக் காவல்துறை பற்றிய முகமது நயீம் வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்கள்தாம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன: அவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தரப்பட்டதா, கருத்துக்குச் சான்று உண்டா, வழக்கை முடிக்க அது தேவைப்பட்டதா.

இலக்கணத்தில் சிக்கல் அதிகமில்லை. நீக்கப்படும் பகுதி செயப்படுபொருளாக வரும். எதிலிருந்து என்பதை 'ஃப்ரம்' சேர்த்துச் சொல்வார்கள். செயப்பாட்டு வினையே மிகுதி. 'எக்ஸ்பஞ்ஜ்மென்ட்' என்ற பெயர்ச்சொல் அமெரிக்காவில் பெரும்பாலும் குற்றப் பதிவை நீக்குவதைக் குறிக்கும். அது மன்னிப்பன்று, மன்னிக்கப்பட்டவரின் பழைய பதிவு பொதுவாக அப்படியே இருக்கும். எக்ஸ்பஞ்ஜ்மென்ட் பெற்றவரின் பதிவைச் சில மாநிலங்கள் முற்றாக அழிக்கின்றன, வேறு சில பொதுப்பார்வையிலிருந்து மறைத்துப் பூட்டிவைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.