சஜிடேரியஸ் ஏ*: தேர்வுக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

பால்வழியின் மையக் கருந்துளையான சஜிடேரியஸ் ஏ*-ஐ எந்த ரேடியோ அலைநீளத்தில் பார்ப்பது என்று வானியற்பியல் தேர்வில் கேட்டால், 'அலைநீளம் குறைந்தால் பிரிதிறன் (நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) கூடும்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி விடைதான். இடையிலுள்ள எலக்ட்ரான் வாயு அலைகளைச் சிதறடித்து உருவை வீங்க வைக்கிறது. இந்த வீக்கம் நெட்டச்சில் (உருவின் நீளமான திசையில்) சுமார் 1.4 λ² மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு). இங்கே அலைநீளமான λ சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் போட்டால் விடை நூறு மடங்கு பிசகும்.

இனி பூமியளவு அடிக்கோட்டின் (இரு தொலைநோக்கிகளுக்கு இடையிலான தூரத்தின்) பிரிதிறன், அதாவது அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய கோணம்: 10,700 கி.மீ.க்கு ஏறக்குறைய 0.19 λ மில்லி ஆர்க்செகண்ட். இரண்டையும் சமப்படுத்தினால் λ = 1.4 மி.மீ. உலகெங்கும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்த ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் 2017-ல் 1.3 மி.மீ.யில் நோக்கியதற்கு முக்கியக் காரணம் இந்த ஒரே வரியில் கிடைத்துவிடும். அங்கே சிதறல் 24 மைக்ரோ ஆர்க்செகண்ட், பிரிதிறன் 25, கருந்துளையைச் சுற்றித் தெரியும் ஒளி வளையத்தின் விட்டம் 52. மாறாக 6 செ.மீ.யில் வீக்கம் மட்டுமே 50 மில்லி ஆர்க்செகண்ட். அங்கு அடிக்கோட்டை நீட்டினால் படம் கூர்மையாகாது, சிக்னலே மறைந்துவிடும்.

அளந்த உருவிலிருந்து சிதறலை நேராகக் கழிக்காதீர்கள். இருபடிகளைத்தான் கழிக்க வேண்டும். 3.5 மி.மீ.யில் அளந்தது 0.21 மில்லி ஆர்க்செகண்ட், சிதறல் 0.17 எனில் உண்மையான அளவு 0.04 அல்ல, சுமார் 0.12. 6 செ.மீ.யில் சிதறலை 1% குறைத்து மதிப்பிட்டாலே 7 மில்லி ஆர்க்செகண்ட் அளவுள்ள பொய்யான 'உரு' முளைத்துவிடும்.

நிறமாலைக் கேள்விகளில் மதிப்பெண் போவது பிழைக் கணிப்பில். சென்டிமீட்டர் அலைநீளத்தில் 1 ஜான்ஸ்கியை (ரேடியோ பிரகாசத்தின் அலகு) ஒட்டிய பாய்வு, மில்லிமீட்டரில் 3 ஜான்ஸ்கி வரை ஏறுகிறது. பாய்வு அதிர்வெண்ணின் எந்த அடுக்காக ஏறுகிறது என்னும் நிறமாலை அடுக்கு ஏறத்தாழ +0.3. 22, 43 கிகாஹெர்ட்ஸ் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால், ஒன்றில் 10% அளவீட்டுப் பிழை அடுக்கை 0.15 நகர்த்தும்; பாதி விடை போனது. 5, 230 கிகாஹெர்ட்ஸ் என்று எடுத்தால் நகர்வு 0.03-க்குள் அடங்கும். ஆனால் அவ்வளவு அகன்ற இடைவெளியில் ஒரே அடுக்கு செல்லுபடியாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது.

செய்முறைத் தரவில் வேறொரு சிக்கல். சஜிடேரியஸ் ஏ மேற்கு, கிழக்கு என்னும் பரந்த மூலங்கள் குறுகிய அடிக்கோடுகளில் புகுந்து பாய்வைக் கூட்டிக் காட்டும். அந்தக் குறுகிய அடிக்கோடுகளை வெட்டிவிட்டு, எல்லா அதிர்வெண்ணுக்கும் அலைநீள அலகில் ஒரே அடிக்கோட்டு வரம்பை வையுங்கள். வெவ்வேறு நாளில் எடுத்த அளவுகளையும் இணைக்கக் கூடாது. இந்தக் கருந்துளையின் ஈர்ப்புக் கால அலகு (GM/c³, நிறையோடு கூடும் கால அளவு) 20 விநாடிதான். மில்லிமீட்டரில் ஒரே இரவுக்குள் பிரகாசம் மாறிவிடும். எம்87 விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளைக்கு அந்த அலகு சுமார் 9 மணி நேரம் என்பதால், அதன் ஓர் இரவுத் தரவை நிலையான உருவாகக் கொள்ளலாம்.