வண்டி கிடைத்ததும் கேஸை விட்டுவிடாதீர்கள்

2025 ஜூன் மாதம். 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மீன் கொண்டுவந்த முதல் வாரம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கரையில் விடிகாலை ஏலம். வண்டியை உடைமரத்தடியில் நிறுத்திவிட்டுப் போய், ஒரு கூடை நகரை மீனைப் பேசி முடித்துத் திரும்பினால் வண்டியைக் காணோம். எட்டு வருடத்து ஸ்ப்ளெண்டர். அதில்தான் ஊர் ஊராகப் போய் மீன் விற்கிறேன்.

காவல் நிலையத்தில் "தெரிஞ்சவங்க யாராவது எடுத்திருப்பாங்க, ரெண்டு நாள் பாருங்க" என்று சொல்லி, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள். ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் மச்சினன் போனிலேயே கத்தினான். "மச்சான், சி.எஸ்.ஆரை வச்சு ஒண்ணும் ஆகாது, எப்.ஐ.ஆர் போடச் சொல்லுங்க. போடலைன்னா எஸ்.பி-க்குத் தபால்ல அனுப்புவோம்." மூன்றாம் நாள் எப்.ஐ.ஆர் போட்டார்கள், பாரதிய நியாய சன்ஹிதா 303(2), திருட்டுக்கான பிரிவு. நகல் இலவசம், அதற்கு யாரும் காசு கேட்கக் கூடாது. என்னிடம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் இருந்தது, அது திருட்டுக்கு ஒரு பைசா தராது.

நாற்பது நாள் கழித்து வாகனச் சோதனையில் வண்டி சிக்கியது. நம்பர் பிளேட் வேறு, பெட்ரோல் டேங்கில் புது ஸ்டிக்கர். ஆனால் பின் கேரியரில் அப்பா கட்டிக் கொடுத்த நீல நைலான் கயிறு அப்படியே இருந்தது, வலைக்குப் போடுகிற அதே முடிச்சோடு. சீட்டைத் தூக்கினால் ஓரத்தில் காய்ந்த மீன் செதில். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிலைய வளாகத்தில் அப்படி எத்தனை வண்டிகள்! உப்புக்காற்றில் செயின் பொடிந்து, ரிம் ஓட்டை விழுந்து, நடுவில் கருவேலம் முளைத்துக் கிடக்கின்றன. பிடிபட்ட வண்டிகளை இப்படி நீண்ட நாள் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 497-வது பிரிவு அதற்குத்தான். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல்களோடு நீதிமன்றத்தில் மனு போட்டோம். வண்டியைப் படம் எடுத்துப் பதிந்துகொண்டு, விற்க மாட்டேன், மாற்ற மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியைத் தந்தார்கள். மனு போடாமல் காத்திருந்தால் என் வண்டியும் கருவேலத்துக்குள் போயிருக்கும்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்தியிருப்பேன். வண்டியைத் திருடிய பையனின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து அழுதார், "தம்பி, வண்டிதான் கிடைச்சிருச்சே, ராஜியாப் போயிருப்பா." மனசு கேட்கவில்லை, அன்று இரவு தூக்கமும் இல்லை. மச்சினன்தான் உட்காரவைத்து விளக்கினான். அந்தப் பையன் மேல் ஏழு வழக்கு, ஆனால் தண்டனை ஆனது ஒன்றே ஒன்று. மற்றவற்றில் வண்டி கிடைத்ததும் சொந்தக்காரர்கள் ராஜியாகிவிட்டார்கள், அல்லது சாட்சிக்கே போகவில்லை. திருட்டுக்கு முதல் முறை மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்; அபராதத்தோடேயே முடிந்தும் போகலாம். அதே பிரிவில் இரண்டாவது முறை தண்டனை என்றால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை கடுங்காவல், கூடவே அபராதமும். இங்கே எத்தனை வழக்கு இருக்கிறது என்பது கணக்கில்லை, எத்தனையில் தண்டனை ஆனது என்பதுதான் கணக்கு. ஏழு வழக்குக்காரன் சட்டத்தின் கண்ணில் ஒரே ஒரு தண்டனைக்காரனாக நிற்பது நாம் விட்டுக்கொடுத்ததால்தான்.

முந்தைய தண்டனையால் கூடுதல் தண்டனைக்கு உள்ளாகிறவனோடு ராஜியாகவும் சட்டம் விடாது. அதற்கு அந்தப் பழைய தண்டனை, தேதியும் இடமும் சேர்த்துக் குற்றச்சாட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது விடுபடாமல் பார்க்கச் சொல்லி அரசு வக்கீலிடம் இரண்டு தடவை போய் நினைவூட்டினோம். டீக்கடையில் "குண்டாஸ் போடச் சொல்லு" என்றார்கள். அது 12 மாதம் வரையிலான தடுப்புக்காவல், என் வழக்கின் தண்டனையோடு சேராது.

சாட்சிக்கு முதல் தேதி வாய்தா. இரண்டாவதும் வாய்தா. இரண்டு நாள் ஏலம் போச்சு, பஸ் செலவு தனி. மூன்றாவது தேதியில் கூண்டில் ஏறினேன். "உங்கள் வண்டிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். என்ஜின் நம்பரைச் சொன்னேன், அப்புறம் கயிற்று முடிச்சைச் சொன்னேன். நீதிபதி போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

ஒன்றரை வருடம் கடுங்காவல், அபராதம். அந்த அம்மாவை நினைத்தால் இப்போதும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு வண்டிகளின் சொந்தக்காரர்களும் என்னைப் போலத் தினக்கூலிக்கு ஓடுகிறவர்கள்தான்.

அடுத்த மாதம் தொண்டிப் பக்கத்து ஐஸ் வியாபாரி ஒருவருக்குச் சாட்சித் தேதி. தனியாகப் போகத் தயங்குகிறார். ஏலத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன்.