டையஸ், 266-ஆம் எண் வீடு

அக்டோபர் 18, 2024, வெள்ளி

நாளை காலை டையஸ் கிளம்புகிறேன். மெம்பிஸுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாவுக்குள் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் டையஸ் ஊர், அங்கே பாடகர் ஜானி கேஷ் வளர்ந்த வீடு. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வேலை வந்து தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வானம் தெளிவாக இருக்கிறது. இந்த முறை விடப்போவதில்லை.

அக்டோபர் 19, சனி, இரவு

போய் வந்தேன். கால் வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது.

ஊர் நடுவில் பழைய நிர்வாகக் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு சின்ன பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். வழியெங்கும் பருத்திக் காடு. அறுப்பு முடிந்த வயல்களின் ஓரத்தில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1934-ல் ரூஸ்வெல்ட் அரசு சதுப்புக் காட்டைத் திருத்தி உண்டாக்கிய குடியிருப்பு இது. பொருளாதார மந்தத்தில் நொடித்துப்போன 500 விவசாயக் குடும்பங்களுக்கு வீடு, நிலம், கோவேறு கழுதை. எல்லாம் கடனாகத்தான்; விளைந்த பிறகு அடைக்க வேண்டும். வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டுமே சேர்த்தார்கள். அதே பருத்தியில் அதே வறுமையோடு உழைத்த கறுப்பினத்தவருக்கு வாசல் திறக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜானியின் அப்பா ரே கேஷும் அம்மா கேரியும் பிள்ளைகளோடு 1935 மார்ச்சில் வந்தார்கள். ஜானிக்கு மூன்று வயது. அப்போது அவர் பெயர் வெறும் ஜே. ஆர். ஐந்து அறைகள், 20 ஏக்கர்.

வீடு சின்னது, வெள்ளை மரப்பலகை. மண் கரிசல் மாதிரிதான்: நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் பிளக்கும். அந்த மண்ணில் வீடே சாய்ந்துபோயிருந்தது. 2011-ல் ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் வாங்கி, வீட்டை அப்படியே தூக்கி நகர்த்தி, அடிமண்ணைத் தோண்டி மாற்றி, புது அடித்தளத்தில் திரும்ப உட்கார வைத்திருக்கிறது. கட்டில் எங்கே, மேஜை எங்கே என்பதை ஜானியின் தங்கை ஜோயனும் தம்பி டாமியும் நினைவிலிருந்து சொன்னார்களாம். 2014 ஆகஸ்டில் திறந்தார்கள். அம்மா கேரியின் பியானோ இருக்கிறது. நான் அதன் முன்னால் நின்றதுதான் அதிகம், ரேடியோ பக்கம் போகும் வரைக்கும்.

முன்னறையில் ஒரு பேட்டரி ரேடியோ வைத்திருக்கிறார்கள். கரண்ட் வராத வருஷங்களில் இந்த மாதிரி ஒரு பெட்டிதான் வீட்டுக்குள் உலகத்தைக் கொண்டுவந்தது. பகலெல்லாம் பருத்தி பறித்த பையன், ராத்திரி அதில் காதை ஒட்டவைத்துக் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பான். அதெல்லாம் வீண் வேலை, போய்ப் படு என்று அப்பா அதட்டுவார். அம்மா அதட்டவில்லை. துணி துவைத்துச் சம்பாதித்த காசில் பாட்டு வகுப்புக்கு அனுப்பினார்.

அறை எவ்வளவு சின்னது என்றால், அந்த மூலையில் சத்தம் குறைத்து வைத்தாலும் அடுத்த அறையில் படுத்திருக்கிறவருக்குக் கேட்காமல் இருக்காது. அப்பாவின் அதட்டலை அங்கே நின்றபோதுதான் புரிந்துகொண்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று ஜாக்கைப் பற்றி எழுதவே இல்லை. எழுத மனசு வரவில்லை. ஜானிக்கு இரண்டு வயது மூத்த அண்ணன், பிரசங்கியாராக வேண்டும் என்றிருந்தவன். 1944 மே மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடப் பட்டறையில் மரம் அறுக்கப் போன இடத்தில் ரம்பம் வயிற்றைக் கிழித்துவிட்டது. ஒரு வாரம் போராடி இறந்தான். வயது 14. அடிபட்ட அன்று ஜானி மீன் பிடிக்கப் போயிருந்தார். அந்த வீட்டின் உள்ளறையில் இரண்டு கட்டிலைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

இன்னொன்று, மறந்துவிடும் முன். மெம்பிஸ் ரேடியோவில் கேட்ட லூவின் சகோதரர்கள் ஒருநாள் டையஸ் பள்ளிக்கூடத்துக்கே பாட வந்தார்கள். ஜானி மணிக்கணக்கில் முன்னாலேயே போய்க் காத்திருந்தார். காரிலிருந்து இறங்கிய சார்லி லூவின் அவரிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். பையன் கூட நடந்து போய்க் காட்டினான். ரேடியோப் பெட்டிக்குள் இருந்த குரல் பக்கத்தில் நடந்து வருகிறது! நிஜமான ஆட்கள்தான் பாடுகிறார்கள் என்று அவருக்கு அன்று கண்ணாலேயே தெரிந்திருக்கும்.

1950-ல் பள்ளி முடித்து விமானப்படையில் சேர்ந்தார். ஜெர்மனியில் அவருக்குக் கொடுத்த வேலையும் காதுக்குத்தான்: சோவியத்தின் மோர்ஸ் (தந்திக் குறி) செய்திகளை ஒட்டுக் கேட்பது. திரும்பி மெம்பிஸ் வந்தார், ஒரு கடைக்காக வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்றார். 1955-ல் அந்தக் கடையின் செலவிலேயே வெஸ்ட் மெம்பிஸின் கே.டபிள்யூ.ஈ.எம். நிலையத்தில் கால் மணி நேர நிகழ்ச்சி கிடைத்தது. இந்த முறை அவர் ரேடியோவின் அந்தப் பக்கம்.

ஆனால் அப்பாவும் அம்மாவும் 1954-லேயே டையஸை விட்டுப் போய்விட்டார்கள். மகன் பாடியபோது அந்த முன்னறையில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.