கப்ஸ் கோவிலில் ஸ-ப-ஸ-ப

புதுச்சேரி டுமாஸ் வீதி கப்ஸ் கோவில் என்கிற கத்தோலிக்க தேவாலயத்தில் ஆர்கனும் பழைய பாணி பரோக் வயலினும் கச்சேரி என்றதும், பாக், விவால்டி என்று நாலைந்து உருப்படி வாசித்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வாசித்தது முழுக்க பீபர். சால்ஸ்பர்க்கில் இருந்த இசையமைப்பாளர், 1676 வாக்கில் ஜெபமாலையின் 15 தேவ இரகசியங்களுக்கும், அதாவது ஜெபிக்கும்போது தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்வுகளுக்கும், தலைக்கு ஒரு வயலின் சொனாட்டா எழுதி வைத்திருக்கிறார் (இன்றைய இருபதில் ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தும் 2002-ல்தான் சேர்ந்தன). அக்டோபர், ஜெபமாலை மாதம், வந்தவர்களில் பாதிப் பேர் பூசை முடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டவர்கள், அவர்களுக்குத் துக்க தேவ இரகசியம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படியும் சொல்லித்தந்தார்கள், நீளமாக.

ஆட்டுக் குடல் தந்தி, நம் கடல்காற்றின் ஈரம், சுருதி எப்படி நிற்கும்? வயலின் வாசித்த பெண் சேர்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த பாட்டி என்னிடம், "ஏன்மா, வாசிக்கவே மாட்டாங்களா?" என்றார். சுருதியும் இன்றைய 440 ஹெர்ட்ஸ் இல்லை, 415, ஏறக்குறைய அரை கட்டை குறைச்சல். ஆர்கன் எலெக்ட்ரானிக்தான், அதனால் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டினால் முடிந்தது வேலை.

இதற்கு மேல் பீபர் வேறு படுத்துகிறார். முதல் சொனாட்டாவையும் கடைசியில் வரும் பாஸகாலியா என்கிற தனி உருப்படியையும் விட்டால் மற்ற எல்லாவற்றிலும் தந்திகளுக்கு வேறு வேறு சுருதி, எனவே ஒன்றுக்கு மூன்று வயலின் எடுத்து வந்திருந்தார். இயேசுவின் உயிர்ப்புக்கான 11-வது சொனாட்டாவுக்கு முன் அந்த வயலினைத் திருப்பி முன்வரிசைக்குக் காட்டினார். நடு இரண்டு தந்திகளும் இடம் மாறி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் அவற்றைக் கட்டும் டெயில்பீஸுக்கும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போய், குட்டியாக ஒரு சிலுவை. சுருதியைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: ஜி, ஜி, டி, டி. ஜியை ஸ என்று வைத்து அந்த இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோனால் ஸ-ப-ஸ-ப. என் வாத்தியார் வீட்டில் பாயில் சம்மணம் போட்டு நான் சேர்க்கும் அதே சுருதி! வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கையில் எடுப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் எழுதியது இது. பக்கத்துப் பக்கத்துத் தந்தி எட்டு ஸ்வரம் தள்ளி நிற்பதால், நடுவே வரும் உயிர்ப்புப் பாட்டை ஸ்தாயி ஸ்தாயியாகச் சேர்த்து வாசிக்க முடிகிறது, ஆர்கனும் கூடச் சேர்ந்தபோது ஒரு வயலின் மாதிரியே இல்லை.

கடைசியில் பாஸகாலியா, காவல் சம்மனசுக்கானது, அதாவது நம்மைக் காக்கும் தேவதூதருக்கானது. ஸ, நி, த, ப என்று தோடியிலும் நடபைரவியிலும் நாம் தினம் கேட்கிற அதே இறக்கம், அது மட்டும் 65 தடவை திரும்பத் திரும்ப வருகிறது, அதன் மேலேதான் எல்லாக் கற்பனையும். கமகம் கிடையாது, ஸ்வரம் ஸ்வரமாக நேராக நிற்கிறது. முதலில் வெறுமையாகத் தோன்றியது, இருபது முப்பது சுற்றுக்கு அப்புறம் தோன்றவில்லை. இதற்கு வயலின் மட்டும்தான். ஆர்கன்காரர் பாவம், அத்தனை நேரமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கைதட்டும்போது அவரை எழுந்திருக்கச் சொல்லிக் கூப்பிட வேண்டியதாயிற்று.