உயிலில் எழுதாத உறவு

"அந்தப் பையன் எங்க கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறந்தவன்னு உயில்ல எழுதியிருக்கா, ஐயா?" என்று அந்த ஆசிரியை கேட்டார். "அப்படி எழுதவில்லை, டீச்சர்" என்றேன். நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனாலும் அந்தப் பதிலை மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது.

பத்திர எழுத்தராகிய என்னிடம் பழைய கையெழுத்தைப் படித்துக்காட்டச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சொத்துதான் வேண்டும். இந்த ஆசிரியையோ, பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் கூடும்போது கொடுப்பதற்காகக் கொடிவழி, அதாவது தலைமுறை வரிசைப் பட்டியல், தயாரித்துக்கொண்டிருந்தார். வில்லங்கச் சான்றில் உயில் வராது. பதிவு அலுவலகத்தில் அது 3-ஆம் புத்தகத்தில் தனியே ஏறுகிறது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் தவிர யாருக்கும் நகல் தரமாட்டார்கள். அவர் காலமான பிறகு எவரும் மனுச்செய்து பெறலாம். அப்படித்தான் ஆசிரியை, தம் கொள்ளுத்தாத்தா 1921-ஆம் ஆண்டு, துன்மதி வருஷம் ஆவணி மாதத்தில் எழுதிய உயிலின் நகலை வாங்கி வந்திருந்தார். பழைய கிரயப் பத்திரங்களில் தகப்பன், மகன், பேரன் என்று ஆண்களே நிறைந்திருப்பார்கள். மனைவியும் மகளும் விதவைச் சகோதரியும் பெயரோடு தென்படுவது பெரும்பாலும் உயில்களில்தான்.

சொத்து விவரத்துக்கு முந்தைய பத்தியில், வேறொரு தெருவில் குடியிருக்கும் ஒரு பெண் வாய்க்காலுக்குத் தெற்கேயுள்ள 3 மா (மா என்பது பழைய நில அளவு) நன்செயை ஆயுள்வரை அனுபவித்து, அவளுக்குப் பின் அவள் மகன் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தது. உறவைச் சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. மகனின் பெயர் இருந்தது. அது உயில் எழுதியவருடைய தகப்பனாரின் பெயர்.

பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் அன்று காலையில் அதே கொடிவழியில் விடுபட்டிருந்த ஒரு தலைமுறையை, பழைய அடமானப் பத்திரம் ஒன்றைக் கொண்டு நான் இணைத்துக் கொடுத்திருந்தேன். அங்கே பெயரோடு ஊரும் நான்கெல்லையும் ஒத்துப்போயின. இங்கே பெயர் மட்டும்தான். நன்றிக்காக அந்த வீட்டுப் பெரியவரின் பெயரை வைத்திருக்கவும் கூடும். எழுதாததை எழுதியதாகச் சொல்லக்கூடாது என்பதுதான் என் தொழிலின் முதல் பாடம், அதை நான் மீறவில்லை. ஆனால் அவர் கேட்டது பத்திரத்துக்காக அல்லவே! வம்சத்தைத் தேடுகிறவருக்குப் பெயரே ஒரு சாட்சி என்று காலையில் சொன்னவன், மாலையில் அந்தச் சாட்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"அப்ப விட்டுடலாம் இல்லையா?" என்று கேட்டார். அதைக் குடும்பத்தார்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். அச்சிட்டு வந்த கொடிவழியில் தாயும் மகனும் இல்லை. அந்த 3 மாவுக்குத் தாய்ப்பத்திரம், அதாவது உரிமைக்கு மூலமான பத்திரம், இந்த உயில்தான். அவனுடைய வழியில் வந்தவர்களும் ஒருநாள் இதே பத்தியைப் படித்து, தங்கள் பாட்டனுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசிக்கலாம். மறுபுறம், இறந்துபோன ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பெயரொற்றுமையை மட்டும் வைத்துத் தீர்மானித்து, பங்காளிகள் நடுவே பேச்சாக்க எனக்கு என்ன உரிமை?

அடுத்து, தாய்வழி உயில் ஒன்றின் நகலோடு வருவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். உறவு எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் தனித்தாளில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பெயர்கள் ஒத்துப்போகும் இடங்களை நானாகச் சுட்டிக்காட்டுவேனா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.